தொரிந்தா வேகவைத்த விரிப்புகள்

எலாதியா அம்மாள் தொரிந்தாவின் சலவைக் கூடைகளை நடுத்தெருவில் போட்டுக் கொளுத்தினாள். பட்டப்பகல். மாதா கோயிலில் பூசை முடிந்து சனம் திரும்புகிற நேரம். புறாத் தெரு முழுக்கக் கூடி நின்று வேடிக்கை பார்த்ததே தவிர, "ஏம்மா இப்படிப் பண்றே?" என்று கேட்க நாதி இல்லை. எங்கள் ஹவானாக்காரர்களே அப்படித்தான். எங்களை ஆண்டுவிட்டுப் போன ஸ்பெயின்காரன் தேவலையா, ஆள வந்த அமெரிக்கக்காரன் தேவலையா என்று தொண்டை கிழிய வாதாடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரி பிழைப்பு எரிந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

"கொலைகாரி! என் பிள்ளையைக் கொன்னுட்டியேடி! காய்ச்சல்காரன் துணியையும் என் வீட்டுத் துணியையும் சேர்த்து அலசினியே, உன் கை அழுகிப் போக!"

பிள்ளை என்றால் பெற்ற பிள்ளை இல்லை, அக்கா மகன். பெலிசியானோ என்று பெயர், பத்தொன்பது வயது. எலாதியா அம்மாள் நடத்திய தங்கும் விடுதிக்கு ஒத்தாசையாக ஸ்பெயினிலிருந்து கப்பலேறி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தொரிந்தா வெளுத்துக் கொடுத்த விரிப்பில் படுத்தான். ஆறாம் நாள் தலையை வலிக்கிறது என்றான். பத்தாம் நாள் கறுப்பு கறுப்பாக வாந்தியெடுத்துச் செத்துப்போனான்.

டாக்டர்கள் அதை மஞ்சள் காய்ச்சல் என்பார்கள். எங்களுக்குக் கறுப்பு வாந்தி. இங்கேயே பிறந்து வளர்ந்தவனை அவ்வளவாகத் தொடாது. கப்பலிலிருந்து புதிதாக இறங்கினவனைத் தேடிப் பிடித்துத் தின்னும். செத்தவன் படுத்த துணியில்தான் அது ஒட்டிக்கொண்டு வருகிறது என்று அன்றைக்கு எல்லோரும் நம்பினார்கள். படித்தவனும் நம்பினான், படிக்காதவனும் நம்பினான்.

தொரிந்தா காய்ச்சல் ஆஸ்பத்திரித் துணியும் வெளுத்தவள்தான். ஸ்பெயினின் கலீசியா மலைநாட்டிலிருந்து தம்பி பெனிக்னோவைக் கூட்டிக்கொண்டு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. மற்ற சலவைக்காரிகள் குச்சியால்கூடத் தொடாத துணியை அவள் துணிந்து வாங்கினாள். அதற்கென்று தனி மரத்தொட்டி, தனிச் சோப்பு, தனிக் கொடி. எல்லாம் தனி. நீலம் கரைக்கிற வாளி மட்டும் ஒன்று. கடைசியாக எல்லா வெள்ளைத் துணியும் அந்த வாளியில்தான் முங்கி எழும். இது தெருவில் யாருக்கும் தெரியாது. தொரிந்தாவுக்குத் தெரியும். அதனால்தான் கூடை எரிந்தபோது, ஏழு ஊருக்குக் கேட்கிற வாய் படைத்த அவள், ஒரு வார்த்தை பேசாமல் நின்றாள்.

அன்றிலிருந்து அவளுக்கு யாரும் துணி போடவில்லை. காய்ச்சல்காரி என்று பெயராகிவிட்டது. குழாயடியில் அவள் வந்தால் குடங்கள் விலகின. பட்டினியைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். 'நிஜமாகவே நான்தான் கொன்றேனா?' என்ற கேள்வியைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அது கல்லடைப்பு மாதிரி உள்ளேயே உட்கார்ந்துகொண்டது.

பெனிக்னோ துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். இருபத்திரண்டு வயது. எதையும் சிரிப்பாகவே பேசுவான். ஒருநாள் மத்தியானம் வந்து, கொண்டைக்கடலைச் சூப்பில் ரொட்டியை நனைத்துக்கொண்டே சொன்னான்.

"அக்கா, ஊருக்கு வெளியே அமெரிக்கா டாக்டருங்க கூடாரம் போட்டிருக்காங்க. கறுப்பு வாந்தி எப்படி வருதுன்னு கண்டுபிடிக்க ஆள் தேடறாங்க."

"எதுக்கு? குழி தோண்டவா?"

"படுக்க. செத்தவன் விரிச்ச விரிப்புல, துவைக்காம அப்படியே, இருபது ராத்திரி படுக்கணும். நான் பேரு குடுத்துட்டேன்."

தொரிந்தா கையிலிருந்த ஈரத்துணியால் அவன் முதுகில் ஓங்கி அடித்தாள்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சாடா? உன்னை உசிரோட திருப்பிக் கொண்டாந்து விடறேன்னு அம்மாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்!"

"அடிக்காதே, கேளு. நான் படுத்து, காய்ச்சல் வராம எழுந்து வந்தா என்ன அர்த்தம்? துணியில ஒண்ணுமில்லேன்னு அர்த்தம். அப்புறம் எலாதியாம்மா எதை வச்சு வாயைத் திறப்பா?"

"வந்துட்டா?"

"வந்துட்டா உன் வாயை மூட எனக்கு ஒரு வழி கிடைச்சுது" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "உன்னைப் பார்த்து சனங்க குடத்தை நகர்த்தறதை இனிமே என்னால பார்க்க முடியாதுக்கா" என்றான். தங்கக்காசு தருவார்கள் என்பதையும் கடைசியில் சொன்னான். அதை ஒரு பொருட்டாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

முகாமில் சால்திவார் என்று ஒரு டாக்டர் இருந்தார். எங்கள் ஊர்க்காரர், எங்கள் பாஷைக்காரர். அமெரிக்க டாக்டர்களுக்கும் ஸ்பெயின் பையன்களுக்கும் நடுவே பாலம் அவர்தான். தாளை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டுவார். இதில் சாவு வரலாம். கட்டாயம் ஒன்றும் இல்லை. மனசு மாறினால் இப்போதே எழுந்து போகலாம். இவ்வளவும் சொல்லிவிட்டுத்தான் பேனாவைக் கையில் கொடுப்பார். பெனிக்னோவும் இன்னும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்தத் துணிகளை ஆஸ்பத்திரியிலிருந்து முகாமுக்குக் கொண்டுவர ஆள் வேண்டுமே! வண்டிக்காரன் ஒருவனும் சம்மதிக்கவில்லை. கடைசியில் வேலை தொரிந்தாவிடம் வந்தது. அவளைத் தவிர யாரிடம் போகும்?

"மூணு கட்டில், மூணு பெட்டி" என்றார் டாக்டர் சால்திவார். "பெட்டி மேல ஒரு கோடு, ரெண்டு கோடு, மூணு கோடு போட்டிருக்கும். முதல் கட்டில் உன் தம்பியோடது. ஆஸ்பத்திரியில எப்படிக் கட்டித் தர்றாங்களோ அப்படியே கொண்டாரணும். திறக்கவே கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க டாக்டர்."

புரியத்தான் செய்தது. ஆனால் கோவேறு கழுதை வண்டி புறாத் தெரு முனைக்கு வந்ததும் அவள் கை கடிவாளத்தை இழுத்துவிட்டது. ஒரு கோடு போட்ட பெட்டியை முற்றத்தில் இறக்கித் திறந்தாள். எத்தனையோ காய்ச்சல் துணி பார்த்தவள்தான். ஆனால் இதில் தன் தம்பி முகத்தை வைத்துப் படுக்கப்போகிறான் என்று நினைத்ததும் பெட்டியைப் பழையபடி மூட மனசு வரவில்லை.

அழுக்குத் துணியை அழுக்காகவே ஒருவர் கையில் கொடுப்பது சலவைக்காரிக்கு ஆகாத காரியம். பெற்ற தாய்க்குச் சமானமாக வளர்த்த தம்பிக்கென்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் வெளுத்துக் கொடுத்தால் டாக்டர் கண்டுபிடித்துவிடுவாரே? அதற்குத் தொழில் கைகொடுத்தது. ரத்தக்கறைத் துணியைப் பச்சைத் தண்ணீரில்தான் முதலில் போட வேண்டும் என்பது சலவையின் அரிச்சுவடி. தெரியாமல் கொதிநீரில் போட்டால் கறை நூலோடு நூலாக வெந்து ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அவள் ஊர்ப் புனிதர் சந்தியாகப்பரே இறங்கி வந்து தேய்த்தாலும் போகாது. அந்தத் தப்பைத்தான் தொரிந்தா தெரிந்தே செய்தாள். சாம்பல் நீரைக் கொதிக்கவிட்டு விரிப்பு, தலையணை உறை, சட்டை எல்லாவற்றையும் வெள்ளாவியில் போட்டு வேகவைத்தாள். வெயிலில் உலர்த்தினாள். விஷம் வெந்து போயிருக்கும், கறை மட்டும் இருக்கும். பழையபடி மடித்துப் பெட்டியில் வைத்து, சாயங்காலம் முகாமில் இறக்கினாள். அடுத்தடுத்து வந்த பெட்டிகளிலும் ஒரு கோடு போட்டதை மட்டும் இப்படியே செய்தாள். மற்ற இரண்டும் நாறிய நாற்றத்தில் மூன்று பேரும் படுத்த குடிசையே குடலைப் பிடுங்கியது; ஒரு கட்டில் நாறவில்லை என்பது யாருக்குத் தெரியப்போகிறது?

தனக்காகத்தான் அவன் அந்தக் கட்டிலில் படுக்கிறான், தானே அதை ஒன்றுமில்லாமல் ஆக்குகிறோம் என்று அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. பாசம் வந்துவிட்டால் கண் மறைக்கும், அறிவும் கொஞ்சம் மறையத்தான் மறையும்.

இருபது நாள் கழிந்தது. மூன்று பேரும் கல்லுக்குண்டு மாதிரி வெளியே வந்தார்கள். பெனிக்னோ ஒரு சுற்றுப் பெருத்தே இருந்தான். செய்தி அவனுக்கு முன்னால் புறாத் தெருவுக்கு வந்து சேர்ந்தது. துணியில் காய்ச்சல் இல்லையாம்! குழாயடியில் குடங்கள் விலகுவது நின்றது.

அன்று மத்தியானம் எலாதியா அம்மாள் தானே தொரிந்தாவின் கதவைத் தட்டினாள். மூன்று மாதத்தில் பத்து வயது கூடினவள் போல் இருந்தாள்.

"டாக்டர் சொல்லிட்டாரு. நீ இல்லையாம்" என்றாள். "எனக்கு யாரையாச்சும் திட்டணும் போல இருந்துச்சு, தொரிந்தா. உன்னைத் திட்டிட்டேன். மனசுல வச்சுக்காதே." அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

இதைத்தானே தொரிந்தா மூன்று மாதமாக வேண்டிக்கொண்டாள்? இப்போது வந்து மடியில் விழுந்திருக்கிறது, வாங்கிக்கொள்ள முடியவில்லை. 'சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தால் அவர் மன்னித்துவிடுவார். ஆனால் பெலிசியானோவை யார் கொன்றது என்று அவருக்கும் தெரியாதே! எனக்கும் தெரியாதே!' கையை உருவிக்கொண்டாள்.

"மன்னிப்புக் கேக்காதீங்க எலாதியாம்மா. இன்னும் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, கதவைக்கூடச் சாத்தாமல் முகாமுக்கு நடந்தாள்.

டாக்டர் சால்திவார் கூடாரத்து வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். பெனிக்னோவும் அங்கேதான் இருந்தான். தொரிந்தா நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். டாக்டர் கோப்பையைக் கீழே வைத்தார். முகம் சிவந்து, பிறகு வெளுத்தது.

"ஏம்மா, நீ என்ன காரியம் பண்ணியிருக்கே தெரியுமா? இது பொய்யின்னு சொல்ல ஊரெல்லாம் ஆள் காத்துக்கிட்டிருக்கான். குடம் பால்ல ஒரு துளி விஷம் போதும். ஒரு பெட்டி கெட்டுப்போச்சுன்னா மத்த ரெண்டையும் எவன் நம்புவான்?"

பெனிக்னோவுக்கு வந்த கோபத்தை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"இருபது ராத்திரி! பக்கத்துக் கட்டில்காரன் மூக்கைப் பொத்திக்கிட்டு வாசலுக்கு ஓடுவான். நான் மட்டும் தைரியசாலி மாதிரி படுத்திருந்தேன். எல்லாரும் என்னைப் புகழ்ந்தாங்க! எனக்கு மூக்கு செத்துப்போச்சுன்னு நான் நினைச்சேன். நீ என்னைக் கழுவின துணியில படுக்க வச்சுட்டு... உன்னை யாருக்கா கேட்டா?"

"என் பயம் கேட்டுச்சு" என்றாள் தொரிந்தா. "டாக்டர், பண்ணது நான். திரும்ப நான் படுக்கறேன். பெட்டியை நீங்களே கட்டி அரக்கு வையுங்க. நான் தொட மாட்டேன்."

"பொம்பளைங்களை இதுல சேர்க்கறதில்லை."

"அந்தத் துணியை அள்ளறதுக்குப் பொம்பளை ஆகும், படுக்கறதுக்கு ஆகாதா? அந்தப் பையனைக் கொன்னது என் கையான்னு எனக்குத் தெரியணும். நீங்க சொன்னா நான் நம்ப மாட்டேன். பெனிக்னோ சொன்னாலும் நம்ப மாட்டேன். என் உடம்பு சொல்லட்டும்."

டாக்டர் உள்ளே போய் அமெரிக்கக்காரர்களோடு நெடுநேரம் பேசினார். வந்தபோது கையில் தாள் இருந்தது. வழக்கம்போல ஒவ்வொரு வரியாகப் படித்தார். இடையில் இரண்டு தடவை நிறுத்தி, "வேண்டாம்னா இப்பவே சொல்லலாம்" என்றார். தொரிந்தாவுக்கு எழுதத் தெரியாது. அழுத்தமாக ஒரு சிலுவைக் குறி போட்டாள்.

அந்த இருபது நாளும் எப்படிப் போயிற்று என்று அவள் பிறகு யாரிடமும் விரிவாகச் சொன்னதில்லை. ஜன்னல் அடைத்த குடிசை, உள்ளே கணப்பு, அரக்கு உடைத்த பெட்டி. முதல் நாள் விரிப்பை உதறியதும் வெளியே ஓடி வாந்தியெடுத்தாள். 'இது கறுப்பா?' என்று பார்த்தாள். மத்தியானம் தின்ற சோறும் அவரையும்தான். திரும்ப உள்ளே போனாள். அவளை மிகவும் வாட்டியது நாற்றமில்லை. ஒரு சலவைக்காரி துவைக்கத் துணி இருந்தும் துவைக்காமல் அதன்மேல் படுத்துக் கிடக்கிறாளே, அதுதான். பகலில் முள்கம்பி வேலிக்கு அந்தப்புறம் பெனிக்னோ வந்து உட்காருவான். முதல் வாரம் பேசவில்லை. இரண்டாம் வாரம், "வாசனை எப்படி, மகாராணி?" என்று கேட்டான். அவள் ஒரு செருப்பை எடுத்து வீசினாள். அதோடு சமாதானம் ஆகிவிட்டது.

இருபத்தோராம் நாள் காலையில் தலை நிமிர்ந்து வெளியே வந்தாள். காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை. பெனிக்னோ தொப்பியைத் தூக்கி எறிந்து பிடித்தான். ஆனால் டாக்டர் சால்திவார் தாடியைத் தடவிக்கொண்டே நின்றார்.

"இன்னும் ஒண்ணு இருக்கும்மா. ஒன்றரை வருஷமா இந்தத் துணியில புழங்கியிருக்கே. உன் உடம்பு பழகிப் போயிருக்கும், அதான் வரலேன்னு சொல்லுவாங்க."

"அப்ப இந்த இருபது நாளும் வீணா?"

"இல்லை. அமெரிக்க டாக்டருங்க கணிப்பு, இதைக் கொண்டு வர்றது கொசு. எங்க ஊரு டாக்டர் ஒருத்தரு இருபது வருஷமா கத்தினதும் அதான், யாரும் கேக்கலை. காய்ச்சல்காரனைக் கடிச்ச கொசு உன்னைக் கடிச்சு உனக்குக் காய்ச்சல் வந்துட்டா, உன் உடம்புக்குக் காப்பு எதுவும் இல்லேன்னு ஆகும். காப்பு இல்லாத உடம்பை இருபது நாள் அழுக்குத் துணி ஒண்ணும் பண்ணலேன்னா, துணி மேல பழி இல்லை. ஆனா..." அவர் குரல் தாழ்ந்தது. "இதுல படுத்தவங்கள்ல சிலர் எழுந்திருக்கறதில்லை. நான் உன்னைச் செய்யின்னு சொல்ல மாட்டேன்."

"அக்கா, போதும். வா, வீட்டுக்குப் போகலாம்" என்றான் பெனிக்னோ. இப்போது சிரிப்பெல்லாம் போய்விட்டது. "தெருவே ஒத்துக்கிச்சு. எலாதியாம்மாவே ஒத்துக்கிட்டா."

"நான் ஒத்துக்கலையேடா" என்றாள்.

இன்னொரு தாள், இன்னொரு சிலுவைக் குறி. வாய்க்கு மெல்லிய வலைத்துணி கட்டிய ஒரு கண்ணாடிக் குழாயை முழங்கைக்குக் கீழே கவிழ்த்துப் பிடித்தார்கள். உள்ளே வெள்ளிக்கோடு போட்ட கால்களோடு ஒரே ஒரு கொசு. உட்கார்ந்து, நிதானமாகக் குடித்துவிட்டு எழுந்தது.

"இவ்வளவுதானா டாக்டர்? எங்க ஊரு உண்ணி இதைவிட நல்லாக் கடிக்கும்."

நான்காம் நாள் காலை, பெனிக்னோவின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நெற்றிக்குப் பின்னால் யாரோ ஆப்பு அடிக்கிற மாதிரி வலி. இடுப்பு ஒடிந்து விழுந்தது. வெயிலைப் பார்க்க முடியாமல் கண் கூசியது. டாக்டர் ஓடி வந்து நாக்கடியில் கண்ணாடிக் குச்சியை வைத்து, எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வந்துடுச்சா?" என்றாள்.

"வந்துடுச்சு."

தொரிந்தா நெற்றியில், மார்பில், தோளில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். முகாமே திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. ஒரு அமெரிக்க டாக்டர் ஓடி வந்து சால்திவாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். காய்ச்சல் வந்ததற்கு இப்படிக் கொண்டாடியதை உலகத்தில் வேறு எங்கே பார்க்க முடியும்?

பெனிக்னோ மட்டும் கட்டில் பக்கத்தில் மண்டியிட்டு அழுதான். "சிரிக்கிறியே, பாவி! சாகப்போறேக்கா!"

"டேய், நான் கொல்லலைடா" என்றாள் அவள். பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. "எனக்குக் காய்ச்சல் வரும்டா. துணி என்னை ஒண்ணும் பண்ணலை, கொசு பண்ணிடுச்சு. அந்தப் பிள்ளையை நான் கொல்லலை. கேக்குதா? நான் கொல்லலை!"

அப்புறம் மூன்று நாள் அவளுக்கு எதுவும் தெரியாது. கண் மஞ்சளித்தது. ஈறில் ரத்தம் கசிந்தது. பெனிக்னோ சந்தியாகப்பருக்குப் போட்ட நேர்த்திக்கடனையெல்லாம் தீர்க்க வேண்டுமானால் கலீசியாவை முழங்காலிலேயே மூன்று தடவை சுற்ற வேண்டும். காய்ச்சல் வந்த ஆறாம் நாள் அது இறங்கத் தொடங்கியது. எட்டாம் நாள் கண் திறந்து, "பசிக்குது" என்றாள். கோழிச்சாறு கொடுத்தார்கள். உப்பு இல்லை என்று திட்டினாள். பிழைத்துவிட்டாள் என்று பெனிக்னோவுக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

மூன்று வாரம் கழித்து, டாக்டர் சால்திவாரின் குதிரை வண்டியில் அவள் புறாத் தெருவுக்கு வந்து இறங்கினாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது, கண்ணோரத்தில் மஞ்சள் இன்னும் மிச்சம். தெரு முழுக்கக் கூடிவிட்டது. துணி மூட்டையோடு வந்தவர்களே பத்துப் பேர் இருப்பார்கள். எலாதியா அம்மாள் முன்னால் வந்தாள்.

"இப்பவாச்சும் மன்னிப்பியா, தொரிந்தா?"

"இப்ப கேளுங்க. ஆனா காதோட காதா வேண்டாம். கூடையைக் கொளுத்தினீங்களே, அதே எடத்துல நின்னு, அதே தொண்டையில."

நியாயம்தானே? தெருவில் போன மானம் தெருவில்தான் திரும்ப வர வேண்டும். எலாதியா அம்மாள் நடுத்தெருவுக்குப் போனாள். கருகின தடம்கூட இல்லாத அந்தக் கற்கள்மேல் நின்று, "இவ என் பிள்ளையைக் கொல்லலை! நான் சொன்னது பொய்! இவ கை சுத்தமான கை!" என்று கத்தினாள். குரல் உடைந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. தொரிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது போல் இருந்தது அவளுக்கு. ஐந்து மாதத்துக்குப் பிறகு முழுசாக ஒரு மூச்சு விட்டாள்.

துணி மூட்டைகள் அவளை நோக்கி நகர்ந்தன. அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"இருங்க. எல்லாரும் முதல்ல வீட்டுக்குப் போய், முத்தத்துல மூடாம கிடக்கற ஜாடி, பீப்பா, உடைஞ்ச சட்டி, எல்லாத்தையும் கவுத்துட்டு வாங்க. அந்தக் கொசு நல்ல தண்ணியிலதான் முட்டை போடுதாம், டாக்டர் சொல்றாரு. தண்ணியைத் திறந்து வச்சிருக்கற வீட்டுத் துணியை நான் தொட மாட்டேன். காய்ச்சல்காரின்னு எனக்குத் துணி போட மாட்டேன்னீங்க இல்ல? இப்ப என் முறை."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோருமே சிரித்தார்கள். தொரிந்தா தன் முற்றத்திலிருந்தே ஆரம்பித்தாள். மாதக்கணக்காக வேலையில்லாமல் மூலையில் கிடந்த பழைய பீப்பாயைப் பெனிக்னோ கவிழ்த்தான். தண்ணீரோடு நூற்றுக்கணக்கான கொசுப்புழுக்கள் கல்லில் நெளிந்தன. அவள் முகம் மாறியது. அவள் வீட்டுக்கும் விடுதிக்கும் நடுவே மூன்று வாசல்தான். பெலிசியானோ வந்தபோதும் அந்தப் பீப்பாய் இங்கேதான் நின்றது. அவள் அவற்றைச் செருப்பால் தேய்த்துவிட்டு, "அடுத்த வீடு" என்றாள்.

வீடு வீடாகத் தண்ணீர் தெருவில் ஓடியது. விடுதி முற்றத்தில், ஒரு ஜன்னலுக்கு நேர் கீழே ஆளுயர மண்ஜாடி இருந்தது. அந்த ஜன்னல் பெலிசியானோவின் அறை ஜன்னல். எலாதியா அம்மாள் மூடியில்லாத ஜாடிக்குள் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நெளியுதே... அப்ப நான்தானா? என் ஜாடிதானா அவனைக் கொன்னுச்சு?"

கூட்டம் சட்டென்று அடங்கியது. ஒருத்தி இன்னொருத்தியின் காதுக்குக் குனிந்தாள். தொரிந்தாவுக்கு அந்த அமைதி நன்றாகத் தெரியும். அதன் நடுவில் நின்றவள் அவள். அடுத்த வார்த்தை என்னவாக வரும் என்பதும் தெரியும். அது வருவதற்கு முன்னால் அவள் தெருப்பக்கம் திரும்பி, பழைய தொண்டையில், ஏழு ஊருக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! என் பீப்பாயிலயும் இதே புழுதான் இருந்துச்சு. எந்த வீட்டுக் கொசுன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. தெரியாம நடந்ததுக்குக் கொலைன்னு பேரு இல்லை! இந்தம்மாவை யாராச்சும் ஒரு வார்த்தை சொன்னீங்க, எங்கிட்ட வாங்கிக் கட்டிப்பீங்க. இன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு. நாளைக்கும் தண்ணியைத் திறந்து வச்சா, அப்ப நான் பேரு வைக்கிறேன்!"

எலாதியா அம்மாள் அவளை அண்ணாந்து பார்த்தாள். தொரிந்தா அவளைக் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். பிறகு இரண்டு பேருமாக ஜாடியின் வாய் விளிம்பைப் பிடித்து, மூச்சுப் பிடித்துச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினார்கள்.